கரையை வெட்டியவன்

சித்தேரிப்பாக்கம்
சாதாரண வருஷம், ஆடி 5

தம்பி தர்மனுக்கு அண்ணன் கலியன் சொல்லி எழுதுவது.

ஜப்பான்காரன் மதராஸ் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனானே, அந்தப் புரட்டாசி. அத்தி வரதர் குளத்தை விட்டு வெளியே வந்து திரும்ப உள்ளே போனதற்கு நாலாம் வருஷம். அரிசிக்குக் கார்டு கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள், நம் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை. மதராஸில் கூவம் ஏறி வீடுகளுக்குள் வந்துவிட்டது என்று வண்டிக்காரர்கள் வந்து சொன்னார்கள். நம் ஏரி தளும்பியதும் அந்த வாரம்தான். இதை எழுதுகிற வைதேஹி டீச்சர் அது எந்த வருஷம் என்று நம்பர் கேட்டார். எனக்கு நம்பர் தெரியாது. இதையெல்லாம் சொன்னேன். அவரே யோசித்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று என்றார். அப்படியானால் நீயும் நானும் பேசி இருபத்தேழு வருஷம் ஆகிறது.

டீச்சர் சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். பஸ்ஸில் வந்து நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போகிறார். நான் பேசுகிறபடி எழுத அவருக்குக் கை வராது, திருத்தித்தான் எழுதுகிறார். பேச்சைத் திருத்தினாலும் விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

விஷயம் இது. ஆவணியில் பிரசிடெண்ட் எலெக்ஷன். நிற்பது இரண்டு பேர். ஒருவன் குமாரவேல். நீ ஊரை விட்டுப் போனபோது தொட்டிலில் கிடந்தவன், இப்போது லாரி வைத்துப் பாலாற்று மணல் ஓட்டுகிறான். இன்னொருவன் பேரைச் சொன்னால் கடிதத்தை இந்த இடத்திலேயே கிழிப்பாய். அர்ஜுனன்.

கிழிக்காமல் இருந்தால் மேலே படி.

மதகுக்குப் பக்கத்தில் கரை ஊறிக்கொண்டே இருக்கிறது. சர்க்காரிலிருந்து வந்து அளந்துவிட்டுப் போனவர்கள் திரும்ப வரவில்லை. அந்த இடத்தில் உடைந்தால் நேர்கீழே திரௌபதி அம்மன் கோயில், அதை ஒட்டிப் பெரிய தெரு முழுசும். அதனால் ரோடு யார் போடுவான், விளக்கு யார் போடுவான் என்பதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். தண்ணீர் வந்தால் கரைமேல் நின்று ஊரை நடத்தக் கூடியவன் யார் என்று ஒன்றைத்தான் கேட்கிறார்கள்.

நம் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. டீச்சருக்குப் புரியவில்லை, அவருக்காகச் சொன்னதையே எழுதச் சொல்கிறேன். தலைவனைத் தேர்வதற்கு முன்னால், கடைசி வெள்ளத்தில் கரைமேல் நின்ற ஆள் ஒருவன் மதகுக் கல்லில் கை வைத்து, இன்னான்தான் தண்ணீருக்கு நிற்பான் என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும். ஊர் அந்தப் பக்கம் சாயும். அன்றைக்கு நின்றவர்களில் நடமாட்டமாக இருப்பது நானும் அர்ஜுனனும்தான். அவன் தனக்கே சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே என்னைக் கேட்கிறார்கள். ஆனால் அந்த வெள்ளத்தில் உயிர்ச்சேதம் கண்ட வீடு சம்மதிக்காமல் கல்லில் கை வைக்கக் கூடாது.

அர்ஜுனன் அன்றைக்குத் தெற்குக் கோடியில் கரையை வெட்டினான். தண்ணீர் பள்ளத்துப் பக்கம் திரும்பியது, ஊர் நின்றது. உன் நிலமும் அதில் இருந்த வீடும் போயின, வீட்டுக்குள் இருந்த குழந்தை காந்தாவும் போனாள். சேதம் கண்ட வீடு அது ஒன்றுதான்.

நான் யாருக்குச் சொல்ல நினைக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. நீ வேண்டாம் என்று எழுதினால் கை வைக்க மாட்டேன்.

கலியன்


பிள்ளையார்பாளையம்
29-7-70

சித்தேரிப்பாக்கம் கலியன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சாயப் பட்டறையில் வேலை முடிந்து படிப்பகத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். பேப்பர் படிக்கலாம் என்று கற்றது. இதைப் படிக்கவும் உதவியது.

வருஷம் கண்டுபிடிக்க உங்களுக்கு ஜப்பான்காரனும் வரதரும் அரிசிக் கார்டும் வேண்டியிருக்கிறது. எனக்கு அதெல்லாம் வேண்டாம். காந்தாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்த வருஷம்.

நான் அன்றைக்கு வண்டி கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் வந்திருந்தேன். வீட்டுக்கு ஓர் ஆள் கரைக்கு மண் சுமக்க வர வேண்டும் என்று ஊர்க் கட்டுப்பாடு. நான் இல்லாததால் காந்தாவை வீட்டில் விட்டுவிட்டு அவள் அம்மா அங்கம்மாள் போனாள். அவள் சுமந்த மண் எந்த ஊரைக் காப்பாற்றியதோ அந்த ஊரில் இருக்க முடியாமல்தான் இங்கே வந்தோம். கரைமேல் நீங்களும் நின்றீர்கள். போனது உங்கள் தம்பியின் பெண். உங்கள் கையில் இருந்தது மண்வெட்டியா கூடையா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

குமாரவேலுக்குப் போடுங்கள். அவன் இன்னும் யாரையும் கொல்லவில்லை என்பது ஒரு தகுதி.

என் வீடு சம்மதிக்கவில்லை. மதகுக் கல் பாசி பிடித்துக் கிடக்கட்டும்.

தர்மன்


சித்தேரிப்பாக்கம்
சாதாரண வருஷம், ஆடி 22

தம்பி தர்மனுக்கு,

கூடை. என் கையில் இருந்தது கூடை.

நீ பார்க்காததை நான் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லிவிட்டு உன்னை விட்டுவிடுகிறேன். அப்புறம் நீ எழுதாவிட்டாலும் சரி.

மழை விட்டிருந்தது. பகல் சாயத் தொடங்கிய நேரம். மதகோரம் கரையில் விரல் நுழைகிற மாதிரி ஒரு கோடு கண்டது. கோயிலில் சனங்கள் நிறைந்திருந்தார்கள், பெரிய தெருவில் பாதிப்பேர் இன்னும் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதைய நாட்டாண்மைக்காரர் திருஞானசம்பந்தம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தாசில்தாருக்கு ஆள் போயிருக்கிறது, பதில் வரட்டும் என்றார். அர்ஜுனனுக்கு அப்போது வயசு முப்பது இருக்குமோ என்னவோ. யாரையும் கேட்காமல் தெற்குக் கோடிக்கு நடந்தான். நாங்கள் பின்னால் போனோம். அங்கம்மாள் கூடையைப் போட்டுவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"என் பொண்ணு வீட்ல தூங்கினுகீது. இதோ தூக்கினு வந்துட்றேன், அதுவரைக்கும் இரு" என்றாள்.

"ஓடு" என்றான் அவன்.

அவள் கரையிலிருந்து இறங்கி ஓடினாள். அவன் அவளைப் பார்த்தான். திரும்பி மதகைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். அவள் உன் வரப்பு வரைக்கும்கூடப் போகவில்லை. வெட்டினான். தண்ணீர் அவளைத் தாண்டிப் போயிற்று. நாங்கள் நாலு பேர் கயிறு கட்டி இறங்கி அவளை மட்டும் இழுத்தோம்.

அவன் தெரிந்தேதான் வெட்டினான் தம்பி. தெரியாமல் வெட்டினான் என்று நான் எழுதியிருந்தால் உனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திரும்பி வரும்வரை அவன் நின்றிருந்தால் கோயில் போயிருக்கும். கோயிலுக்குள் என் பிள்ளைகள் இருந்தார்கள். இதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

குமாரவேலைப் பற்றிக் கேள். நல்ல பையன்தான். டீக்கடையில் எல்லார் எதிரிலும் என்னிடம் சொன்னான்: "பெரியப்பா, கரையை எவன் வெட்டுவான்னு தேடினு இருக்கீங்க. வெட்டற நெலமையே வராம பண்றவனத் தேடுங்க. எங்கிட்ட லாரி கீது. கருங்கல்லு கொண்டாந்து மதகோரம் கொட்றேன்."

"நீ கொட்ற வரைக்கும் மழை எங்க நிக்கும்? உன் லாரி ஷெட்லயா?" என்று ஒருவன் கேட்டான். கடை முழுக்கச் சிரிப்பு. குமாரவேலும் சிரித்துவிட்டான். ஆனால் முகம் சுண்டிப்போயிற்று.

எனக்கும் அதே எண்ணம்தான். கல் கொட்டி முடிக்க இரண்டு கோடை வேண்டும். மழை வரப்போவது ஐப்பசியில்.

இன்னொன்றும் உண்டு. உன் நிலம் மணல் மூடிப் பயிருக்கு ஆகாமல் போனதால், இடமில்லாத சனங்களுக்கு அதில் மனை பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு சின்னத் தெரு. பள்ளத்தெரு என்று பேர். இனிமேல் தெற்குக் கோடியில் வெட்டினால் அவர்கள் வீடுகள் மேல்தான் போகும். முதலில் அவர்களை மேலே கொண்டுவர வேண்டும், கொண்டுவந்ததும் தயங்காமல் வெட்ட வேண்டும். தெற்குக் கோடியைத் தவிர வேறு இடம் கிடையாது. அதைச் செய்யக் கூடிய கை இந்த ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. அது உன் வீட்டை அழித்த கை. நான் என்ன செய்வேன்?

அவன் ஓட்டுக் கேட்டு எந்த வாசலுக்கும் போகவில்லை. பெரிய தெருக்காரர்கள்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். "வேணாம்பா, என்ன விட்ருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அடக்கம் என்று சனங்கள் மெச்சுகிறார்கள்.

கலியன்


பிள்ளையார்பாளையம்
16-8-70

அண்ணனுக்கு,

உங்கள் இரண்டாவது கடிதத்தைப் பட்டறையில் வைத்து இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றுதான் இருந்தேன். கை முழுக்க அரக்குச் சாயம், மடித்து வைக்கும்போது காகிதத்தில் பட்டுவிட்டது. மறந்து சட்டைப் பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அங்கம்மாள் பார்த்துவிட்டு என்ன காகிதம் என்றாள். மறைக்க முடியவில்லை. முழுசும் படித்துக் காட்டினேன்.

அவள் அழவில்லை. அவன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான் என்கிற இடத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு போய் அடுப்பைப் பார்த்தாள்.

இப்போது உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அர்ஜுனன் வருஷம் தவறாமல் இங்கே வருகிறான். புரட்டாசியில் அந்த நாளில் வந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே தெருக்குழாயடியில் நிற்பான். யாரோடும் பேச மாட்டான். தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள், இப்போது பழகிவிட்டது. "உங்க ஊர்க்காரரு வந்துட்டாரு" என்று அவர்களே வந்து சொல்கிறார்கள். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். பொழுது சாய்ந்ததும் போய்விடுவான்.

போன வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. போய்க் கேட்டேன்.

"இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கறே? மன்னிப்பு வோணுமா?"

"அதில்ல தர்மா" என்றான். "அங்கம்மா ஓடினா பாரு. அது எவ்ளோ தூரம், போய்த் தூக்கினு வர எவ்ளோ நேரம் ஆவும்னு மனசுக்குள்ள ஓடிப் பாத்துக்கினே கீறேன். சில நாள் வந்து சேந்துட்றா. சில நாள் வரல."

நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன். எதிரியைப் பார்த்துப் பரிதாபப்படுவது போல ஓர் அவமானம் கிடையாது.

இதையும் அங்கம்மாளிடம் இப்போதுதான் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னது இது: "நானா இருந்தா வெட்டியிருக்க மாட்டேன். ஊரே போயிருக்கும். அதனாலதான் என்ன யாரும் பிரசிடெண்ட்டுக்கு நிறுத்தல. உங்க அண்ணனக் கல்லுல கைய வெக்கச் சொல்லு."

உண்மையாகவா சொல்கிறாய் என்று கேட்டேன். "பள்ளத்துல இப்ப வேற சனங்க கீறாங்களாமே. அவன் அவங்கள விட்டுட மாட்டான். நம்ம பொண்ண மறந்தவனா இருந்தா நான் சம்மதிக்க மாட்டேன்" என்றாள்.

வெட்டத் தெரிந்தவன், வெட்டியதை மறக்காதவன். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது ஊருக்கு நல்லதுதான் போல. எனக்கு அது கசக்கிறது. கசந்தாலும் சரியாகத்தான் இருக்கிறது.

என் வீடு சம்மதிக்கிறது. என்னை அந்தக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள்.

தர்மன்


சித்தேரிப்பாக்கம்
சாதாரண வருஷம், ஆவணி 24

தம்பி தர்மனுக்கு, அங்கம்மாளுக்கும்,

உன் கடிதத்தைப் படிக்கும்போது டீச்சர் இரண்டு இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு அது தேவைப்படவில்லை, நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லில் கை வைத்துச் சொன்னேன். நீ எழுதிய வார்த்தையையே ஊர் முன்னால் சொன்னேன். இவன் வெட்டத் தெரிந்தவன், வெட்டியதை மறக்காதவன், சேதம் கண்ட வீடே சம்மதித்துவிட்டது என்றேன். பெரிய தெரு மொத்தமும் அவனுக்குப் போட்டது, பள்ளத்தெருவும் அவனுக்கே போட்டது. குமாரவேல் தோற்றான். வந்து என்னிடம், "பெரியப்பா, பழைய வெள்ளத்துக்கு நல்ல ஆளாத் தேடிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். தோற்ற எரிச்சல் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் மாலையோடு அர்ஜுனன் என் வாசலுக்கு வந்தான். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், "ஏம்பா என்னச் சொன்னே?" என்று கேட்டான். அங்கம்மாள் சம்மதித்ததைச் சொன்னேன். நின்றவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அவ ஓடின வழியெல்லாம் இப்ப வீடாக் கீது கலியா" என்றான்.

"அதுக்குத்தான் நீ வோணும்" என்றேன்.

மறுநாளிலிருந்து பள்ளத்தெருவே கதி என்று இருக்கிறான். வீடு வீடாகப் போய் யார் யார் இருக்கிறார்கள், கைக்குழந்தை உண்டா, கிழம் உண்டா என்று கேட்டு ஒவ்வொருவர் பேரையும் மனப்பாடம் பண்ணுகிறான். என்னைப் போல அவனுக்கும் எழுத்துத் தெரியாது. பேர்களை முணுமுணுத்துக்கொண்டே கரைமேல் நடக்கிறான். இப்படி ஒரு பிரசிடெண்ட் நம் பக்கத்தில் எந்த ஊருக்கும் வாய்த்ததில்லை.

இந்த வருஷம் மழை எப்படி வந்தாலும் எனக்குப் பயமில்லை. வந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட இருக்கிறது. மழை முடிந்ததும் ஒருநாள் நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள்.

கலியன்


பிள்ளையார்பாளையம்
12-11-70

அண்ணனுக்கு,

நாலு நாளாக மழை. சாயம் காயாமல் பட்டறை மூடிக் கிடக்கிறது. தறிக்குழியில் தண்ணீர் ஊறித் தெருவில் யாரும் நெய்யவில்லை. தாமல் ஏரி நிரம்பிவிட்டது, வழிகிற தண்ணீர் உங்கள் ஏரிக்குத்தான் திரும்புகிறது என்று பஸ் ஸ்டாண்டில் சொல்கிறார்கள். மேற்கே போகிற பஸ்ஸை நாளையிலிருந்து நிறுத்தப்போகிறார்களாம்.

அங்கம்மாளுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உடனே ஒரு கார்டு போடு என்று என்னை எழுப்பிவிட்டாள். அவள் சொல்கிறபடியே எழுதுகிறேன். அர்ஜுனனிடம் இதைச் சொல்லுங்கள்.

"இந்தத் தடவ நான் ஓடலன்னு சொல்லு. அவன் திரும்பிப் பாக்க வோணாம்."

தர்மன்


சித்தேரிப்பாக்கம்
சாதாரண வருஷம், கார்த்திகை 7

தம்பி தர்மனுக்கு,

ரோடு நேற்றுத்தான் திறந்தது. டீச்சர் பாதி தூரம் நடந்தே வந்திருக்கிறார். உன் கார்டும் அவர் கையில்தான் வந்து சேர்ந்தது. சொல்ல வேண்டிய ஆள் இல்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். எனக்கு இந்த ஒன்றுதான் தெரியும், பார்த்ததை அப்படியே வைத்திருப்பது.

உன் கார்டின் தேதிக்கு மறுநாள் காலையில் அர்ஜுனன் தமுக்கடித்தான். சொன்னபடியெல்லாம் செய்தான். பள்ளத்தெருச் சனத்தை ஆடுமாடோடு மேலே கொண்டுவந்து கோயில் மண்டபத்தில் ஏற்றினான். போன வெள்ளத்திலும் சனங்கள் நின்ற இடம் அதுதான், அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் யாருக்கும் வேறு இடம் தோன்றவில்லை. மண்வெட்டியோடு ஆட்களைத் தெற்குக் கோடியில் நிறுத்தினான். நானும் நின்றேன். வயசுக்கு என்னால் ஆகப்போவது ஒன்றும் இல்லை, இருந்தும் போனேன்.

பிறகு மண்டபத்து வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டான். ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள். முனிரத்தினத்தின் மகள் பேருக்கு மட்டும் பதில் வரவில்லை. சின்னப் பெண். அவளுடைய அம்மா காலையில் நாற்றங்காலுக்குப் போயிருந்தாள், பெண் பக்கத்து வீட்டில் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் அம்மாவோடு இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். முனிரத்தினம் தெருவுக்கு ஓடி வீடு வீடாகப் பார்த்துவிட்டு வந்தான். இல்லை. திரும்பவும் போனான்.

அர்ஜுனன் தெற்குக் கோடிக்கு வந்தான். மதகோரம் கோடு கண்டுவிட்டது என்று அங்கிருந்து கத்தினார்கள். எல்லாரும் அவன் வாயைப் பார்த்தோம்.

"ஒரு பொண்ணு காணோம்" என்றான்.

குமாரவேல் பெரிய தெருப் பிள்ளைகளை லாரியில் ஏற்றித் தாமல் ரோட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். கோயிலில் இருப்பவர்களை ஏற்றப் போயிருக்கிறான். பெண்ணைப் பார்க்காமல் வர மாட்டேன் என்று அவள் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தனியாக விட்டுவிட்டு வர மாட்டோம் என்று தெருவே உட்கார்ந்துவிட்டது. அவன் ஓடி வந்தான்.

"வெட்டுங்க" என்றான். "தெருவுல யாரும் இல்ல. அவங்கப்பனே போய்ப் பாத்துட்டு வந்துட்டான். அந்தப் பொண்ணு எங்கியாவது மேட்டுல இருக்கும்."

"இருந்தா சரி. இல்லன்னா?" என்றான் அர்ஜுனன்.

"கோயில்ல அத்தினி பேரு கீறாங்களே."

அர்ஜுனன் பள்ளத்தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. பேர்களைத் திரும்பச் சொல்கிறானோ, அங்கம்மாளை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்க்கிறானோ, எனக்குத் தெரியாது.

குமாரவேல் ஒருவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினான். நான் அவன் கையைப் பிடித்தேன். "தலைவன் சொல்லட்டும்பா. கல்லுமேல கைய வெச்சி சொன்னவன் நான்" என்றேன். என்னோடு இன்னும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். தோற்றவன் பேச்சைக் கேட்டு ஊர்க் கரையை வெட்டுவதா என்று ஒருவன் கேட்டான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குமாரவேல் என் முகத்தைப் பார்த்தான். கையை உதறிக்கொண்டு லாரியை நோக்கி ஓடினான். முனிரத்தினம் மூன்றாவது முறை தெருவுக்குள் இறங்குவது தெரிந்தது. அவன் வரட்டும் என்றான் அர்ஜுனன்.

நாங்கள் காத்திருந்தோம். அவ்வளவுதான் தம்பி. வேறு ஒன்றும் செய்யவில்லை.

மதகோரம் போயிற்று. சத்தம் பெரிசாக இல்லை, மூட்டை சரிகிற மாதிரி ஒரு சத்தம். கோயில் மண்டபம் முதலில் சாய்ந்தது. அர்ஜுனன் கரைமேலேயே மதகை நோக்கி ஓடினான். அந்த வயசில் அவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அவன் ஓட ஓடக் கரை அவனை நோக்கி இடிந்துகொண்டே வந்தது. அவன் நிற்கவில்லை.

பெரிய தெருவில் போனவர்கள் போக, லாரியில் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். குமாரவேல் இருக்கிறான். என் எதிரில் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறான், அது சரிதான். என் பெரியவன் வீட்டோடு போய்விட்டான். அவனைப் பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன்.

அங்கம்மாள் கேட்பாள். அவளுக்குச் சொல். அவன் அவள் பெண்ணை மறக்கவில்லை. மறந்திருந்தால் வெட்டியிருப்பான். நாம் மூன்று பேரும் எதைப் பார்த்து இவன்தான் சரி என்றோமோ, அதுதான் அவன் கையைப் பிடித்துக்கொண்டது. என் பிடியைக் குமாரவேல் உதறிக்கொண்டு போக முடிந்தது. அந்தப் பிடியிலிருந்து அர்ஜுனன் தப்பவில்லை.

பள்ளத்தெருச் சனங்கள் மண்டபத்தோடு போனார்கள். கன்னியப்பனும் அவன் பெண்டாட்டியும். கிழவி பாஞ்சாலி. பொன்னுரங்கம் வீட்டில் எல்லாரும். முனிரத்தினத்தின் பெண்டாட்டியைத் தூணோடு எடுத்தோம். தண்ணீரிலிருந்து உயிரோடு கிடைத்தவர்கள் இரண்டு பேர்தான். பொன்னுரங்கத்தின் தம்பி மறுநாள் போனான். முனிரத்தினத்தைப் பனைமரத்திலிருந்து இறக்கிக் கட்டிலில் வைத்து, ரோடு இல்லாததால் தோள்மேல் சுமந்தே காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மகள் கிடைத்தாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். முந்தாநாள் அவனும் போய்விட்டான்.

நேற்று ரோடு திறந்ததும் பெரிய தெருக் கடைக்காரம்மாள் காமாட்சியம்மாள் தாமலில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து வந்தாள். மழைக்குப் பயந்து வெள்ளத்தன்று காலையிலேயே போனவள். அந்தப் பெண்ணைப் பற்றி யாரோ அவளிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

"அந்தப் பொண்ணா?" என்றாள். "பஸ் நிறுத்தப்போறாங்கன்னு அதுக்கு மொத நாளே அது அத்தை வந்தாளே. மழைக்கு இங்க வோணாம்னு கூட்டினு போய்ட்டா. அம்மாக்காரி கழனில கீறா, வந்தா சொல்லிடுன்னு என்னாண்டதான் சொன்னா. நான் மூட்ட கட்ற அவசரத்துல..."

கடை இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. முந்தின ராத்திரி பெண் வீட்டில் இல்லையே என்று தாய் ஏன் தேடவில்லை என்று டீச்சர் கேட்கிறார். மழை நாளில் பள்ளத்தெருப் பிள்ளைகள் எந்தக் கூரை ஒழுகவில்லையோ அங்கே படுத்துக்கொள்ளும், அது அங்கே வழக்கம்.

அந்த அத்தை பேர் கலாவதி. உங்கள் பிள்ளையார்பாளையத்தில்தான் பட்டு நூல் சுற்றுகிறாளாம், உன் தெருவிலிருந்து பிள்ளையார் கோயிலைத் தாண்டினால் வருகிற சந்து. மேற்கே ரோடு அடைபட்டதால் அவர்களுக்கு இன்னும் முழு விவரம் போயிருக்காது. நீ தனியாகப் போகாதே, அங்கம்மாளையும் அழைத்துக்கொண்டு போ. வாசலில் நின்று சொல்லாதீர்கள், உள்ளே போய் உட்கார்ந்து சொல்லுங்கள். எல்லாரும் அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

பள்ளத்தெரு என்று ஒரு தெரு இருந்தது. அதில் இன்றைக்கு உயிரோடு மிச்சம் இருப்பது அந்தக் குழந்தை ஒருத்திதான். பேர் கமலவேணி.